இங்கிலீஷில் ஒரு வரி

அஜிதாவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் என் தலையும் ஒருமுறை ஆடியிருக்கிறது என்பதால் நானாகத்தான் எழுதுகிறேன். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. மூன்றாம் மாடியில் பின்பக்க ஜன்னல் எனக்கு. அதற்கு நேர் கீழே மதில் ஓரமாக அஜிதா அமைத்துக் கொடுத்த பயோகேஸ் தொட்டி இருக்கிறது. நாற்பத்தெட்டு வீட்டு எச்சில் சோறும் காய்கறித் தோலும் அதில் போகும். அதிலிருந்து வரும் கேஸில் கீழ்த்தள கேன்டீனில் ஷைலஜா டீ போடுவார். தொட்டி ஒழுங்காக ஓடுகிறதா இல்லையா என்பதைச் சங்கச் செயலாளருக்கு முன்னால் என் மூக்கு சொல்லிவிடும்.

அஜிதாவின் அப்பா மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து கொத்தனார் வேலைக்கு வந்தவர். வந்தவர் பாப்பனங்கோட்டில் வாடகை வீடு பிடித்து அங்கேயே இருந்துவிட்டார். அஜிதா பி.காம் படித்து, ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் நிர்வாகப் பிரிவில் இருந்தார். நாற்காலி உடைந்தால், ஏ.சி. ஒழுகினால், உணவுக்கூடத்தில் சோறு மிஞ்சினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் போனது நாற்காலி பார்க்கிற ஆட்கள்தான். அன்றாடம் ஒரு லாரி சோறு குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் பட்டிருந்தவர், இரண்டு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு 'ஜ்வாலா பயோகேஸ்' என்று போர்டு வைத்தார். போர்டு வைத்தது சாப்பாட்டு மேசைக்கு மேலே. ஆபீஸும் அந்த மேசைதான். கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். அவர் சாப்பிட வந்தால் ஆபீஸ் கொஞ்ச நேரம் நகர்ந்து கொடுக்கும்.

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று நம் ஆட்கள் சொல்வதுண்டு. அஜிதா இலவசத்தை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவர் இல்லை, அளந்து குடிக்கிறவர். விலைப்புள்ளி, வாடிக்கையாளர் பட்டியல், எந்த வீட்டுக்கு எப்போது சர்வீஸ் என்பதெல்லாம் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் ஷீட்டுகளில் இருந்தது. வாடிக்கையாளர் புகார் சொல்ல ஒரு படிவம், பொங்கி வழிந்தால் என்ன செய்வது என்று ஒரு விளக்கப்படம், தொட்டியில் எதைப் போடலாம், ஆரஞ்சுத் தோலையும் முட்டை ஓட்டையும் ஏன் போடக்கூடாது என்று மலையாளத்தில் ஒரு பக்கம். நூற்றுநாற்பது வீட்டுத் தொட்டிகளையும் எங்கள் பெரிய தொட்டியையும் ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு ஸ்கூட்டரும் வைத்து ஓட்டினார். மென்பொருள் செலவு என்று அவர் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். வந்தால் தப்பென்றும் சொல்ல முடியாது.

இலவசக் கணக்கில் இடம் கொஞ்சம்தான் தருவார்கள். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. மூன்று கணக்குகள் திறந்துகொண்டார். ஒன்று கடிதப் போக்குவரத்துக்கு, ஒன்று வாடிக்கையாளர் ஷீட்டுகளுக்கு, மூன்றாவது எங்கள் அடுக்ககத்துப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும். ஏனென்றால் எங்கள் சங்கம் லேசுப்பட்ட சங்கம் இல்லை. ஆள் வந்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு வாரமும் தொட்டியின் படமும், தொட்டி ஓரத்துச் சோதனை அடுப்பில் சுடர் ஒரு நிமிஷம் எரிகிற வீடியோவும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தது. படிவம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்டது. அதைக் கேட்ட கமிட்டியில் நானும் இருந்தேன்.

அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டியவர் தளவாய். ஆலங்குளத்துக்காரர், ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வயதில் திருவனந்தபுரம் சாலை பஜாருக்கு மூட்டை இறக்க வந்து, பிறகு குழாய் வேலை படித்தவர். தொட்டியின் டிரம்மை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தே உள்ளே கேஸ் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மலையாளம் வெள்ளமாகப் பேசுவார், வாசிக்க வராது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆங்கிலம் அவருக்குப் படம் மாதிரி.

படிவத்தைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை. அஜிதா அதைச் செய்யாமல் தளவாய்க்குப் பாடம் எடுத்தார். முதல் கட்டத்தில் படம், இரண்டாவதில் வீடியோ, மூன்றாவதில் ஏதாவது சொல்ல வேண்டுமானால் மைக் பொத்தானை அமுக்கித் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடும். கடைசியில் நீலப் பொத்தான்.

"அமுக்கினதும் இங்கிலீஷ்ல ஒரு வரி வரும் அண்ணாச்சி. அது வந்துச்சுன்னா போயாச்சுன்னு அர்த்தம். பின்னே படத்தையும் வீடியோவையும் போன்ல இருந்து அழிச்சிருங்க, இல்லன்னா இடம் நிறைஞ்சு போன் நின்னுரும்."

இன்னொரு சட்டமும் போட்டார். எதையும் போனில் சொல்லக் கூடாது. போனில் சொன்னது காற்றோடு போய்விடும், ஷீட்டில் இருந்தால்தான் இருக்கும். ஒன்பது வருஷம் கம்பெனியில் இருந்தவருக்கு இது வேதவாக்கு. தளவாயும் அப்படியே நடந்தார். பின்பக்கச் சின்ன கேட்டின் சாவி அவரிடம் இருந்தது. சனிக்கிழமைதோறும் காலையில் அந்த வழியாக வந்து, பார்த்து, படிவத்தை நிரப்பி, அந்த வழியாகவே போய்விடுவார். முன்வாசல் செக்யூரிட்டியின் நோட்டில் அவர் பெயர் ஏறியதே இல்லை. நேர் மேலே ஜன்னல் இருந்தும் நான் குனிந்து பார்த்ததே இல்லை. வருகிறவர் தெரியாமல் வேலை நடந்தால் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான்.

இரண்டு வருஷம் எல்லாம் சரியாகப் போயிற்று. இந்த வருஷம் ஜூன் கடைசியில் கேஸ் குறைய ஆரம்பித்தது. ஜூலையில் ஷைலஜா பாதி டீக்கு சிலிண்டர் வாங்கினார். ஆகஸ்டில் சுடரே இல்லை, நாற்றம் மட்டும் தவறாமல் வந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். எனக்கு முன்பே பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் வேறு. செயலாளர் ஹரிஷங்கர் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் கூட்டி, அஜிதாவையும் தளவாயையும் வரச் சொன்னார்.

எங்கள் ஒப்பந்தம் அஜிதாவின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. எங்களைக் காட்டித்தான் வேறு இரண்டு அடுக்ககங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குக் கிளம்புமுன் காலாண்டு அறிக்கைக்காக அந்த மூன்றாவது கணக்கின் ஷீட்டைத் திறந்தார். மூன்று மாசத்துக்கு ஒருமுறைதான் அதைப் பார்ப்பார். கடைசி வரி மே மாதம் பத்தாம் தேதி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. படம் இல்லை, வீடியோ இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தோம். ஹரிஷங்கர் மடிக்கணினியைப் பெரிய டிவியோடு இணைத்து அந்த ஷீட்டை எல்லோருக்கும் காட்டினார். வெள்ளையாக, கட்டம் கட்டமாக, காலியாக இருந்தது. தளவாய் டிவியைப் பார்த்தார், பிறகு அஜிதாவைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

"தங்கச்சி, நான் வாராவாரம் வந்திருக்கேன். குப்பை டப்பா கழுவுத தண்ணியில பிளீச்சிங் பவுடர் மணக்கு, தொட்டிக்குள்ள போனா கெடுத்துரும்னு எழுதிக்கூட விட்டிருக்கேன். நல்லாப் பாருங்க."

"ஷீட்ல ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி."

"ஷீட்ல இல்லன்னா நான் வரலன்னு ஆயிருமா?"

"ஆமா," என்றார் அஜிதா.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும்தான் படித்தோம். நாற்பது பேரில் ஒருவர்கூட பின்பக்கம் போய் விசாரிக்கவில்லை. வேலைக்கு வராமலேயே மூன்று மாசம் சம்பளம் வாங்கியிருக்கிறான் என்று முன்வரிசையில் ஒருவர் மலையாளத்தில் சொன்னார். அதற்குத்தான் என் தலை ஆடியது. தளவாய்க்கு மலையாளம் நன்றாகவே புரியும். சட்டைப் பையிலிருந்து பின்கேட்டின் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அஜிதா கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை அஜிதா சங்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பொறுப்பில்லாமல் நடந்துகொண்ட ஊழியர் நீக்கப்பட்டுவிட்டார், இனி நானே நேரில் வந்து கவனிப்பேன் என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை கமிட்டி கூடி ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்தது. கூட்டக் குறிப்பு நாற்பத்தெட்டு வீட்டுக்கும் மெயிலில் இணைப்பாக வந்தது. தளவாய் என்ற பெயர் அதில் ஆங்கிலத்தில், தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை அஜிதா வந்தார். கெட்டுப்போன கரைசலை இறைத்துவிட்டு, மாட்டுச்சாணம் கரைத்து ஊற்றி, தொட்டியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரை நாள் வேலை. பின்பக்கம் குப்பை டப்பா கழுவும் ரத்னாபாய் முதலில் ஒதுங்கியே நின்றார். பிறகு, அந்த அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டார். களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற பெண் அவர். கூட்டத்தில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எங்கள் கூட்டத்துக்குக் குப்பை அள்ளுகிறவரை யார் கூப்பிடுவார்கள்?

"அந்த அண்ணன் சனியாழ்ச்ச ஒண்ணுவிடாம வந்து என்னை ஏசும். அந்தப் பவுடரைப் போடாதே, தண்ணியை அங்கோட்டு விடாதேன்னு சொல்லும். மழைக்காலம், எலிப்பனிக் காய்ச்சல் வரும், பவுடர் போட்டே தீரணும்னு சூப்பர்வைசர் சொல்லும். நான் யாரு சொல்லதைக் கேக்கணும்?"

அஜிதா மிச்சச் சாணத்தைக் கரைத்து ஊற்றினார். வேலையை முடித்தார். தொட்டியைப் படம் எடுத்தார், வீடியோ எடுத்தார், படிவத்தைத் திறந்து வரிசையாக நிரப்பினார். நீலப் பொத்தானை அமுக்கினார். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

உங்கள் பதில் பதிவாகிவிட்டது என்ற வழக்கமான வரி இல்லை அது. படிவத்தின் உரிமையாளருக்குச் சேமிப்பு இடம் தீர்ந்துவிட்டது, ஆகவே பதிலை ஏற்க முடியவில்லை என்று அதே எழுத்தில், அதே இடத்தில் எழுதியிருந்தது. அவர் அதை இரண்டு தடவை வாசித்தாராம். ஆங்கிலம் தெரிந்ததால் வாசிக்க முடிந்தது.

அங்கேயே தொட்டித் திண்டில் உட்கார்ந்து மூன்றாவது கணக்கின் அஞ்சல் பெட்டியைத் திறந்தார். அந்தப் பெட்டிக்கு யாரும் கடிதம் போடப் போவதில்லை என்று அவர் ஒருநாளும் திறந்ததில்லை. இடம் நிறையப் போகிறது என்று மார்ச்சிலிருந்து எச்சரிக்கைக் கடிதங்கள் வரிசையாகக் கிடந்தன. வாரத்துக்கு ஒரு வீடியோ, இரண்டு வருஷம். கணக்கை மூன்றாகப் பிரித்த சாமர்த்தியத்தில், எச்சரிக்கை ஒரு பெட்டிக்குப் போனது, அஜிதா இன்னொரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுத் தொட்டிகளின் படிவத்தில் படம் கிடையாது, அதனால் அவையெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஒன்றும் கெட்டுப்போனதாகவே தெரியவில்லை. வரி வந்தால் போயாச்சு என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். படத்தை அழிக்கச் சொன்னவரும் அவர், போன் பண்ணாதே என்றவரும் அவர். தளவாய் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து கேட்டிருக்கிறார்.

உடனே ஓடிப்போய்ச் சங்கத்தில் சொல்லிவிட்டார் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒன்பது நாள் பேசாமல் இருந்தார். சொன்னால் ஒப்பந்தம் போகும், பேச்சுவார்த்தையில் இருந்த மற்ற இரண்டும் போகும். ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். சில தொழில்நுட்பக் காரணங்களால் பதிவுகள் விடுபட்டிருக்கலாம் என்று தொடங்கியதாம். தொழில்நுட்பக் காரணம் என்கிற சொல் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று கணக்கே இல்லை. அதை அவர் அனுப்பவில்லை, அதற்காக அவருக்கு ஒரு மதிப்பெண் தரலாம்.

பத்தாம் நாள் விழிஞ்ஞத்துக்கு ஸ்கூட்டரில் போனார். துறைமுக வேலையாட்களுக்காக எழும்பிக்கொண்டிருந்த ஒரு விடுதிக் கட்டிடத்தில் தளவாய் குழாய் பதித்துக்கொண்டிருந்தார். அஜிதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அழுதுவிட்டதாக அவரே பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். திரும்ப வேலைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். தளவாய் கையில் இருந்த குழாயை முறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினார். எழுதி விட்டாச்சே, தங்கச்சி பார்த்திருக்கும், பார்த்தும் ஒன்றும் செய்யவில்லையே என்று மூன்று மாசமாக தளவாய்தான் அஜிதாமேல் வருத்தமாக இருந்தாராம்.

"எனக்கு வேலை இருக்கு தங்கச்சி. நீங்க இவ்வளவு தூரம் வந்ததும் சந்தோஷம். ஆனா இத எங்கிட்டச் சொல்லி என்ன? நான் வந்தேன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நாப்பது பேர் இருந்தாங்கள்லா, அவங்களுக்குத்தான தெரியாது. அங்க வச்சு சொல்லுங்க. நானும் வாரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். அஜிதாவே கேட்டு வாங்கிய கூட்டம். தளவாய் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார். செக்யூரிட்டி நோட்டை நீட்டியபோது பெயரைத் தமிழில் எழுதினார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன, நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

அஜிதா மலையாளத்தில் பேசினார், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று கணக்குகள், நிறைந்துபோன இடம், தான் படிக்காத எச்சரிக்கைகள், தான் சொல்லிக் கொடுத்த பாடம். ரத்னாபாய் சொன்னதையும் சொன்னார், பெயரை மட்டும் விட்டுவிட்டார். பவுடர் போடச் சொன்னது நம் சூப்பர்வைசர்தானே என்று யாரோ முணுமுணுத்தார்கள், அது முணுமுணுப்போடு நின்றது. ஹரிஷங்கர் கரமனை அக்ரஹாரத்துக்காரர், எந்தக் காரியத்தையும் முறைப்படி செய்கிறவர். ஊழியரின் தவறு என்ற கடிதத்தை நம்பித்தான் ஒப்பந்தம் புதுப்பித்தோம், இப்போது தவறு நிறுவனத்தின்மேல் என்று ஆனபின் அது நிற்காது, புதிதாக விலைப்புள்ளி கேட்போம் என்றார். யாரும் மறுக்கவில்லை. அஜிதாவும் மறுக்கவில்லை. பழைய குறிப்பில் தளவாயைப் பற்றி எழுதியதை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

"பழசைத் திருத்தப்படாது, அஜிதா. கீழே ஒரு வரி சேர்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஹரிஷங்கர் அங்கேயே தட்டினார். டிவி திரையில் எழுத்து எழுத்தாக ஆங்கிலத்தில் ஒரு வரி நகர்ந்தது. எல்லோரும் வாசித்தார்கள். சிலர் அதற்குள் போனை எடுத்துக்கொண்டார்கள், மணி பன்னிரண்டு ஆகப் போகிறது.

பின்னாலிருந்து தளவாய், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். உங்கள்மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறது என்றார் ஹரிஷங்கர். தளவாய் எழுந்து நின்றார்.

"தங்கச்சி வாசிக்கட்டும் சார். தமிழ்ல."

அஜிதா திரையைப் பார்த்துத் தமிழில் சொன்னார். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை தளவாய் எல்லாச் சனிக்கிழமையும் வந்து வேலை பார்த்திருக்கிறார். தொட்டி கெடப்போவதை முன்கூட்டியே தெரிவித்திருக்கிறார். அவை பதிவாகாதது ஜ்வாலா பயோகேஸ் உரிமையாளர் அஜிதாவின் தவறு. சொல்லி முடித்துவிட்டு உட்காரப் போனார்.

"இன்னொருக்கா வாசிங்க," என்றார் தளவாய்.

கோபமாகச் சொல்லவில்லை. அஜிதா மறுபடி திரும்பி, முதல் சொல்லிலிருந்து, இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தையும் விழுங்காமல் வாசித்து முடித்தார். போனை எடுத்தவர்கள் போனைக் கீழே வைத்தார்கள். முன்வரிசைக்காரர் உட்பட நாற்பது பேரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தோம். தளவாய் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.